ஹேண்டில்பார் எவ்ளோ அகலம் இருக்கணும்? ரெண்டு சில்வர் ஓக் மரம் சொல்லிக் குடுத்த கணக்கு

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுக்குள்ள இறங்குற ஒத்தையடிப் பாதை இருக்கு, அதுல ஒரு இடத்துல ரெண்டு சில்வர் ஓக் மரம் வாசல் தூண் மாதிரி நிக்கும், ரெண்டுலயும் மிளகுக் கொடி ஏறியிருக்கும், நடுவுல தான் வழி. என் சைக்கிள்ல 800 எம்எம் ஹேண்டில்பார் மாட்டி ரெண்டாவது வாரம், அந்த இடத்துல இடது கை சுண்டு விரல மரத்துல உரசிட்டேன். உரசிட்டேன்னு சொல்றது கவுரவத்துக்கு. ஹேண்டில் முனை மரத்துல மாட்டுச்சு, முன் சக்கரம் டக்குன்னு இடது பக்கம் மடங்கிருச்சு, சைக்கிள் அங்கயே நின்னுருச்சு, நான் மட்டும் நேரா போயிட்டேன். காபிச் செடி மேல விழுந்ததால பெரிய அடி இல்ல, ஆனா சுண்டு விரல் பத்து நாள் வீங்கிக் கெடந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழமை இன்ச் டேப்போட போய் அளந்தேன். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல 84 சென்டிமீட்டர். ஹேண்டில் 80. அதாவது சரியா நடுவுல போனா பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் மிச்சம், அந்த 2 சென்டிமீட்டர்ல தான் என் விரல் முட்டி, கிளவுஸ் எல்லாம் அடங்கணும். எந்த மகராசனும் வேகமா இறங்கும்போது சரியா நடுவுல போக மாட்டான்.

அந்த ஹேண்டில ஏன் வாங்குனேன்னு கேட்டீங்கன்னா, வீடியோ பாத்துத் தான். வெளிநாட்டுல மலையில பறக்குறவங்க எல்லாரும் காவடி தூக்குன மாதிரி கைய விரிச்சு வெச்சிருப்பாங்க, கீழ கமெண்ட்ல எல்லாம் அகலமா இருந்தா கன்ட்ரோல் ஜாஸ்தின்னு எழுதியிருப்பாங்க. அது பொய்யில்ல. ஆனா பாதி உண்மை. மீதிப் பாதிய எனக்கு மரம் சொல்லுச்சு, உங்களுக்கு நான் சொல்லிடறேன்.

முதல்ல அடிப்படை. ஹேண்டில்பார் அகலம்னா ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் நேர்கோட்டுல அளக்குறது, வளைவு மேலயே டேப்பை ஓட்டி அளக்கக் கூடாது. மில்லிமீட்டர்ல தான் சொல்லுவாங்க, கடையிலயும் "எழுநூத்தி நாப்பது இருக்கு, எழுநூத்தி எண்பது இருக்கு"ன்னு தான் பேசுவாங்க. மூடுன முனை இருக்குற கிரிப் போட்டிருந்தா ஒவ்வொரு பக்கமும் சில மில்லிமீட்டர் கூட வரும், அதையும் மனசுல வெச்சுக்கணும். நம்ம ஊர்ல கம்மி விலைக்கு வர்ற கியர் சைக்கிள்ல 620, 640, 680னு சின்னதா வரும். கொஞ்சம் விலை கூடுன நிஜமான எம்டிபி, அதாவது மலைப்பாதைக்குன்னே செஞ்ச மவுண்டன் பைக்குன்னா 720ல ஆரம்பிச்சு 800 வரைக்கும் போகும். மலையில மேல ஏறி ஏறி இறங்குற ரேஸ் வகை சைக்கிளுக்குக் கொஞ்சம் குறுகலா, இறக்கத்துக்குன்னே செஞ்ச சைக்கிளுக்கு அகலமா, இதான் பொதுவான பழக்கம்.

சரி, அகலம் என்ன பண்ணுது? திருகை பாத்திருப்பீங்க இல்ல, பாட்டி வீட்டுல உளுந்து உடைக்கிறது. அதுல கைப்பிடிக் குச்சிய நடுவுலயா சொருகியிருப்பாங்க? ஓரத்துல தான். நடுவுக்குப் பக்கத்துல இருந்தா சுத்தவே முடியாது, ஓரத்துல இருக்கறதால தான் ஒரு கையாலயே சுத்துறாங்க. பழைய லாரில ஸ்டியரிங் அண்டா மூடி சைஸுக்கு இருந்ததும் இதுக்குத் தான், பவர் ஸ்டியரிங் கிடையாது, வீல் பெருசா இருந்தா தான் டிரைவரோட கை பலத்துக்குச் சக்கரம் அசையும். ஹேண்டில்பாரும் அதே விஷயம் தான், நடுவுல ஸ்டெம்முங்கிற துண்டு புடிச்சிருக்கு, அங்க இருந்து உங்க கை எவ்ளோ தூரத்துல இருக்கோ அந்த அளவுக்கு நெம்புற பலம் கூடும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். சுலபத்துக்காக கை சரியா முனையில இருக்குன்னே வெச்சுக்குவோம். 580 எம்எம் ஹேண்டில்ல நடுவுல இருந்து கைக்கு 290. 780 எம்எம்ல 390. இப்ப முன் சக்கரம் ஒரு கல்லுல இடிச்சு ஒரு பக்கமா திரும்பப் பாக்குது, அதைத் திரும்ப விடாம நீங்க புடிச்சு நிறுத்தணும். 580ல எவ்ளோ பலம் குடுக்கணுமோ, அதுல முக்கால் பங்கு குடுத்தா 780ல போதும். கால்வாசி மிச்சம். ஏற்காட்டு எஸ்டேட் பாதையில செம்மண்ணுக்குள்ள தலை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கிற கல்லு, சில்வர் ஓக் வேரு இதுக்கெல்லாம் ஒரு இறக்கத்துல நூறு தடவை இந்தச் சண்டை நடக்கும். அந்தக் கால்வாசி மிச்சம் கீழ வந்து சேரும்போது கையில தெரியும்.

இன்னொன்னு இருக்கு, எனக்கு இது ரொம்ப லேட்டா தான் புரிஞ்சுது. அகலம் கூடினா ஸ்டியரிங் நிதானமாகும். உங்க கை பதட்டத்துல ஒரு சென்டிமீட்டர் நகருதுன்னு வைங்க, 580 எம்எம் ஹேண்டில்ல சக்கரம் கிட்டத்தட்ட 2 டிகிரி திரும்பிரும், 780ல ஒன்றரை டிகிரி தான். கேக்க சின்ன வித்தியாசம். ஆனா வேகமா இறங்குறப்ப புதுசா ஓட்டுறவங்க கை சும்மாவே இருக்காது, ஆடிக்கிட்டே இருக்கும், குறுகலான ஹேண்டில் அந்த ஆட்டத்தை எல்லாம் அப்படியே சக்கரத்துக்கு அனுப்பிரும், அகலமான ஹேண்டில் கொஞ்சம் வடிகட்டி அனுப்பும். அதனால தான் சின்ன ஹேண்டில்ல இருந்து பெருசுக்கு மாறுறவங்க முதல் நாளே "சைக்கிள் தடதடங்கல, சொன்ன பேச்சு கேக்குது"ம்பாங்க.

அப்போ ஏன் ஒரு காலத்துல எல்லாரும் குறுகலா வெச்சிருந்தாங்கன்னு கேக்கலாம். அது ஒரு வேடிக்கையான கதை. மவுண்டன் பைக்குங்கிற சமாச்சாரம் கலிஃபோர்னியாவுல மரின் கவுண்டின்னு ஒரு இடத்துல, டமல்பைஸ் மலை சுத்துவட்டாரத்துல 1970கள்ல தொடங்குச்சு. 1930, 40கள்ல செஞ்ச பழைய குண்டு டயர் சைக்கிள எடுத்து, அதுல மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும் அகலமான ஹேண்டிலும் மாட்டி மலைப்பாதையில இறங்குனாங்க. 1976 அக்டோபர் 21ல முதல் போட்டி நடந்த இறக்கத்துக்கு ரீபேக்னு பேரு, ஏன்னா பெடல பின்னாடி மிதிச்சா புடிக்கிற அந்தக் காலத்துப் பிரேக், கீழ போய்ச் சேரும்போது சூடாகி உள்ள இருக்குற கிரீஸெல்லாம் புகைஞ்சு போயிரும், ஒவ்வொரு தடவையும் திரும்ப கிரீஸ் அடைக்கணும். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் அந்தக் கும்பல் தான். அவங்க ஆரம்பத்துலயே அகலமா தான் வெச்சிருந்தாங்க!

அப்புறம் 80கள் கடைசியில, 90கள்ல ரேஸு பெருசாச்சு, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல மவுண்டன் பைக்கும் சேந்துச்சு. ரோடு சைக்கிள் ஓட்டுன பழக்கம் உள்ள வந்துச்சு, குனிஞ்சு படுத்து ஏத்தத்துல மிதிக்கணும், எடை குறையணும்னு ஹேண்டில 560, 580னு வெட்டித் தள்ளுனாங்க, ஸ்டெம்ம 120, 130 எம்எம்னு நீளமா வெச்சாங்க. அந்தக் கோலத்துல செங்குத்தா இறங்குனா தலைகுப்புற விழாம இருக்குறதே பெரிய வித்தை. 2000க்கு அப்புறம் இறக்கத்துல ஓட்டுறவங்க திரும்ப அகலத்துக்குப் போனாங்க, ஸ்டெம் 35, 50னு குட்டையாச்சு, ஃபிரேம் நீளமாச்சு. அதாவது சுத்திச் சுத்தி மோட்டார் சைக்கிள் ஹேண்டில் அகலத்துக்கே வந்து நிக்கிறோம்.

இது வரைக்கும் வீடியோவுல சொல்றது. இனிமே மரம் சொன்னது.

அகலம் கூடக் கூட உங்க கை ரெண்டும் விரியும், கை விரிஞ்சா நெஞ்சு முன்னாடியும் கீழயும் போகும். சொவத்துல கை ஊனி நின்னு பாருங்க. தோள் அகலத்துக்குக் கை வெச்சா உடம்பு தள்ளி நிக்கும், கைய விரிச்சுக்கிட்டே போனீங்கன்னா மூஞ்சி சொவத்துக்கிட்ட வந்துரும். சைக்கிள்லயும் அதே தான். கொஞ்சம் குனியறது நல்லது, முன் சக்கரத்துல எடை விழும், மண்ணுல சறுக்காது. ஆனா உங்க உடம்புக்கு மீறி விரிச்சா முழங்கை மடிய எடமே இருக்காது, கை கம்பி மாதிரி நீண்டுரும், அப்ப கல்லுல இடிக்கிற ஒவ்வொரு அடியும் நேரா தோள்பட்டைக்குப் போகும். முழங்கை மடிஞ்சிருக்கணும், அது தான் நம்ம உடம்போட சொந்த சஸ்பென்ஷன். எனக்கு 800 போட்ட அந்த மாசம் முழுக்கத் தோள்பட்டை முன்பக்கம் ஒரு வலி, நான் ஆபீஸ் சேர் மேல பழி போட்டுட்டு இருந்தேன்.

அப்புறம் வளைவு. எஸ்டேட் பாதையில கொண்டை ஊசி மாதிரி திரும்புற இடம் நெறைய, தார் ரோட்டுல இருக்குற 20 வளைவு மாதிரி இல்ல, சைக்கிள் நீளத்துலயே திரும்பணும். ஹேண்டில நல்லா ஒடிச்சுத் திருப்புறப்ப வெளிப்பக்கக் கை எட்டாம போகும், உடம்பு அந்தப் பக்கமா இழுபடும், பேலன்ஸ் போயிரும். குள்ளமா இருக்குறவங்களுக்கு இது இன்னும் மோசம்.

கடைசியா பாதை. இது தான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா சைக்கிளுக்குன்னே வெட்டுன டிரெயில் நமக்கு ரொம்பக் கம்மி, நாம ஓட்டுறது எல்லாம் ஆளு நடந்து, ஆடு மாடு போயி, காபி மூட்டை தூக்கிட்டுப் போயி உண்டான தடம். மனுசன் தோள் அகலத்துக்குத் தான் இருக்கும். ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி முள்ளோட சாஞ்சு நிக்கும். மஞ்சக்குட்டை பக்கம் போற ஒரு தடத்துல மழைக்காலம் முடிஞ்சு போனா செடி மண்டிப்போய் 70 சென்டிமீட்டர் வழி கூட இருக்காது, கிளவுஸ் போடலன்னா விரல் முட்டி எல்லாம் பூனை பிராண்டுன மாதிரி ஆகிரும். செடின்னா ஒதுங்கும், மரமும் பாறையும் ஒதுங்காது. (சொல்லணும்னு நெனச்சேன், எஸ்டேட்னா அது இன்னொருத்தர் நிலம், வாட்ச்மேன் கிட்டயோ மேனேஜர் கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, டிசம்பர் ஜனவரியில பழம் பறிக்கிற ஆளுங்க வளைவுக்கு அந்தப் பக்கம் கூடையோட நிப்பாங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாமப் போனா கேஸு. காட்டெருமை நின்னா அது போற வரைக்கும் நீங்க நிக்கணும், பெல் அடிக்கிற வேலையெல்லாம் வேணாம்.)

இப்ப உங்க நம்பர் என்னங்கிறத எப்படிக் கண்டுபுடிக்கிறது? சுலபமா ஒரு தோராயக் கணக்கு உண்டு, உங்க உயரத்தை சென்டிமீட்டர்ல எடுத்து 4.4 ஆல பெருக்குங்க. 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 748 வரும். 158க்கு 695. 182க்கு 800. இது ஆரம்பப் புள்ளி தான், வேதவாக்கு இல்ல, ஒரே உயரத்துல குறுகலான தோள் இருக்குறவங்களும் இருக்காங்க, அகலத் தோள்காரங்களும் இருக்காங்க. அதுக்கு இன்னொரு வழி, தரையில தண்டால் எடுக்குற மாதிரி படுங்க, யோசிக்காம கைய வைங்க, பலமா எழும்ப எது வசதியோ அங்க. யாரையாவது விட்டு ஒரு உள்ளங்கையோட வெளி ஓரத்துல இருந்து இன்னொன்னோட வெளி ஓரம் வரைக்கும் அளக்கச் சொல்லுங்க. அந்த அளவும் மேல சொன்ன கணக்கும் பக்கத்துல பக்கத்துல வந்தா நல்ல சகுனம். எனக்கு 171 சென்டிமீட்டர், கணக்கு 752 சொல்லுச்சு, தண்டால் 735 சொல்லுச்சு.

ஆனா இது ரெண்டையும் விட நான் நம்புறது தூசிய. எப்படின்னா, என் கிரிப் கருப்பு ரப்பர். ஏற்காட்டு செம்மண் பொடி எல்லாத்து மேலயும் ஒக்காரும். விரல் வீக்கம் வடிஞ்சு திரும்ப ஓட்ட ஆரம்பிச்ச அன்னைக்கு, ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து சைக்கிள சொவத்துல சாச்சிட்டு டீ குடிச்சிட்டு இருந்தேன், அப்ப தான் கண்ணுல பட்டுச்சு, கிரிப்போட உள்பக்கம் பூரா கை வேர்வையில துடைச்சு விட்ட மாதிரி பளிச்சுன்னு கருப்பா இருக்கு, முனையில மட்டும் ரெண்டு விரக்கடை அகலத்துக்கு சிவப்பா தூசி படிஞ்சு அப்படியே இருக்கு. ரெண்டு பக்கமும். அளந்தா 3 சென்டிமீட்டர். அதாவது என் கை அந்தக் கடைசி 3 சென்டிமீட்டரத் தொடவே இல்ல, நான் 800 எம்எம் வாங்கி மாட்டிட்டு 740 தான் ஓட்டிட்டு இருந்திருக்கேன், மிச்சம் மரத்துல இடிக்க மட்டும் தான் உதவியிருக்கு. உங்க சைக்கிள்ல இன்னைக்கே பாருங்க. முனைப்பக்கம் தூசி படிஞ்சிருந்தாலோ, கிரிப்பு உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தாலோ உங்க ஹேண்டில் உங்களுக்கு அகலம். மாறா உள்ளங்கையோட வெளி ஓரம் கிரிப்ப விட்டு வெளிய தொங்குது, முழங்கை விலாவுல ஒட்டிக்கிட்டு இருக்கு, இறக்கத்துல சக்கரம் இங்கயும் அங்கயும் அலையுதுன்னா குறுகல்.

பாத்த ஒடனே பிளேட எடுத்து அறுக்காதீங்க. என் மச்சான் அத தான் பண்ணுனான். என்ன விட உசரம், 182, நல்ல 780 ஹேண்டில், "எனக்கும் மரத்துல இடிக்குது"ன்னு ஒரே தடவையில 680க்கு அறுத்துட்டான். அறுத்தத ஒட்ட முடியாது. ரெண்டு ரைடு ஓட்டுனான், பொம்மை சைக்கிள் மாதிரி இருக்குன்னு புது ஹேண்டில் வாங்குனான்.

அறுக்காம சோதிக்க வழி இருக்கு. கிரிப்ப போல்ட் போட்டு இறுக்குற வகையா இருந்தா, அதுலயும் வெளி முனை திறந்திருந்தா, எல்-கீ வெச்சு லூஸ் பண்ணி உள்ள தள்ளலாம். முதல்ல பிரேக் லீவர், கியர் மாத்துற ஷிஃப்டர் ரெண்டையும் லூஸ் பண்ணி உள்ள நகத்துங்க, அப்புறம் கிரிப்ப, ஒவ்வொரு பக்கமும் 10 எம்எம். ஹேண்டில் முனை கிரிப்ப தாண்டி வெளிய துருத்திட்டு நிக்கும், நிக்கட்டும், ஆனா குழாய் ஓட்டைய மூடுற முனை பிளக்கை மட்டும் கழட்டிடாதீங்க. இப்ப கைக்கு 20 எம்எம் குறைஞ்ச ஹேண்டில் கெடச்சாச்சு, செலவில்லாம. இத மரம் இல்லாத தடத்துல மட்டும் ஓட்டுங்க, ஏன்னா கைக்கு வெளிய கம்பி நீட்டிட்டு இருக்குறது உங்களுக்கு மறந்துரும். நான் கஞ்சமலை அடிவாரத்துல வண்டித் தடம் ஒன்னுல சோதிச்சேன். ஒரே இறக்கம், ஒரே வளைவு, அஞ்சு தடவை. அப்புறம் இன்னொரு 10 உள்ள. திரும்ப அஞ்சு தடவை. ஒரே நாள்ல முடிவு எடுக்காதீங்க, புது அளவு எதுவா இருந்தாலும் முதல் அரை மணி நேரம் தப்பா தான் தோணும். எனக்கு 760ல "அட"ன்னு இருந்துச்சு, 740ல வளைவு சுலபமா வந்துச்சு, தோள்வலி போச்சு, 720ல முன்பக்கம் படபடக்க ஆரம்பிச்சுது. 740ல நின்னுட்டேன்.

குறுகலா இருக்கு, அகலமா மாத்தணும்னா புது ஹேண்டில் தான், அங்க ஒரு சிக்கல். ஹேண்டில ஸ்டெம் புடிக்கிற நடுப்பகுதியோட தடிமன் எல்லா சைக்கிள்லயும் ஒன்னில்ல. பழைய சைக்கிள், விலை கம்மி சைக்கிள்ல 25.4 எம்எம், பெரும்பாலான எம்டிபில 31.8, புதுசு சிலதுல 35. உங்க ஸ்டெம்ல என்ன இருக்கோ அதே தான் வாங்கணும், 35 போடுற ஸ்டெம்ல 31.8 ஹேண்டில போட்டு இறுக்கிப் பாக்குற வேலை வேண்டவே வேண்டாம். கிரிப் மாட்டுற முனை மட்டும் எல்லாத்துலயும் 22.2 எம்எம், அதனால பழைய கிரிப்பும் லீவரும் புதுசுல அப்படியே ஏறும்.

அகலம் கூட்டுனா கை முன்னாடி இழுபடும்னு சொன்னேன் இல்ல, அதுக்கு ஈடா ஸ்டெம்ம குட்டையாக்கணும், 20 எம்எம் அகலம் கூடினா ஸ்டெம்ல 10 எம்எம் குறைங்கன்னு மெக்கானிக்குங்க ஒரு கைக்கணக்கு வெச்சிருப்பாங்க. 620ல இருந்து 740க்குத் தாவுறவங்க இதை மறந்துட்டு, சைக்கிள் நீளமாயிருச்சு, முதுகு வலிக்குதும்பாங்க. கேபிளும் பாருங்க, பிரேக் கேபிள், கியர் கேபிள் எல்லாம் பழைய அகலத்துக்கு வெட்டுனது. ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, எங்கயாவது கேபிள் விறைச்சுக்கிட்டு நின்னா, ஓட்டும்போது தானா பிரேக் புடிக்கும், இல்லன்னா கியர் தானா மாறும்.

ஹேண்டில் முனை பின்னாடி எவ்ளோ சாஞ்சிருக்கு, மேல எவ்ளோ தூக்கியிருக்குன்னு வேற ஒரு தனிக் கதை இருக்கு, மணிக்கட்டு வலி பாதி அதுல தான் வரும். இன்னைக்கு அதுக்குள்ள போகல.

என் அத்தை பொண்ணு கதைய மட்டும் சொல்லிடறேன். 158 சென்டிமீட்டர், ஏத்தத்துல எங்க எல்லாரையும் ஓரம் கட்டிட்டுப் போயிரும், இறக்கத்துல மட்டும் பயந்து பயந்து எறங்கும், "எனக்கு தைரியம் பத்தல மாமா"ன்னு சொல்லிட்டே இருக்கும். அதோட சைக்கிள் ஃபிரேம் சின்ன சைஸ் தான், ஆனா அதுல கம்பெனியே 780 எம்எம் ஹேண்டில் போட்டு அனுப்பியிருந்தாங்க. சின்ன ஃபிரேமுக்கும் பெரிய ஃபிரேமுக்கும் ஒரே ஹேண்டில் போட்டு அனுப்புறது அப்பப்ப நடக்குறது தான், குள்ளமானவங்க தலையில தான் அது விடியும். பின்னாடி இருந்து பாத்தா கை ரெண்டும் சிலுவை மாதிரி விரிஞ்சு, முழங்கை நேரா, பிரேக்க புடிக்கவே விரல் எட்டி எட்டிப் போகுது. கிரிப்ப உள்ள தள்ளித் தள்ளிப் பாத்து 700ல நிறுத்துனோம். அன்னைக்கு அது எங்களுக்கு முன்னாடி கீழ போய் நின்னுச்சு. தைரியம் பழைய அளவு தான், முழங்கை மடிஞ்சுது, அவ்ளோ தான்.

சரி, அளவு முடிவாகிருச்சு, அறுக்கலாம். அலுமினியம் ஹேண்டிலா இருந்தா வீட்டுலயே பண்ணலாம். முதல்ல, இதுக்குக் கீழ அறுக்காதன்னு சில ஹேண்டில்ல முனையில கோடு போட்டு அச்சடிச்சிருப்பாங்க, பாத்துக்குங்க. லீவரும் ஷிஃப்டரும் உள்ள நகர எடம் இருக்கான்னும் பாருங்க, ஹேண்டில் நடுவுல தடிச்சு இருக்கும், அந்தத் தடிப்புல கிளாம்ப் ஏறாது. எல்லாத்தையும் கழட்டி, மொத்தம் எவ்ளோ குறைக்கணுமோ அதுல பாதி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். 800ல இருந்து 740ன்னா பக்கத்துக்கு 30. ஒரே பக்கம் 60 அறுத்து நடுவ நகத்திக்கலாம்னு நெனைக்காதீங்க, அப்படிக் கேட்ட ஆள் எனக்குத் தெரியும்.

நேரா அறுக்குறதுக்கு ஒரு தந்திரம்: தண்ணிக் குழாய்க்குப் போடுற ஹோஸ் கிளாம்ப் ஹார்ட்வேர் கடையில ரொம்பச் சல்லிசா கிடைக்கும், அத கோட்டுல வெச்சு இறுக்கி, அதோட ஓரத்தை ஒட்டியே ஹாக்சா பிளேட ஓட்டுங்க. பிளேடு நல்லா நெருக்கமான பல்லா இருக்கணும், 32 பல்லு பிளேடுன்னு கேளுங்க. அவசரப்படாதீங்க, அலுமினியம் மெலிசு, மூணு நாலு நிமிசம் தான் ஆகும். பைப் கட்டர் வெச்சும் பண்ணலாம், ஆனா அது ஓரத்துல ஒரு உதடு மாதிரி தூக்கி விட்டுரும், அத அரம் போட்டு எடுக்கலன்னா கிரிப் ஏறாது. எதுல அறுத்தாலும் வெளியயும் உள்ளயும் அரம் போட்டு வழவழன்னு ஆக்குங்க.

கார்பன் ஹேண்டில்னா கதை வேற. பைப் கட்டர் கிட்டயே வரக் கூடாது, நசுக்கிரும். டேப் சுத்தி, நெருக்கப் பல் பிளேடுல, தண்ணி தெளிச்சுக்கிட்டே மெதுவா அறுக்கணும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். முதல் தடவைன்னா விவரம் தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட குடுத்துருங்க.

திரும்ப மாட்டும்போது ஸ்டெம் போல்ட்ட ஒன்ன முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாம, கார் வீல் நட்டு மாதிரி குறுக்க குறுக்க கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, எவ்ளோ இறுக்கணும்னு ஸ்டெம்லயே நம்பர் அடிச்சிருக்கும். முன் சக்கரத்தை ரெண்டு காலுக்கு நடுவுல இடுக்கிட்டு ஹேண்டில திருகிப் பாருங்க, நழுவுனா இன்னும் இறுகலன்னு அர்த்தம்.

முனை பிளக்கைப் போட்டீங்களா? அறுத்த ஜோர்ல இத தான் எல்லாரும் மறக்குறாங்க. திறந்த குழாய் முனையோட ஹேண்டில் வயித்துல குத்துனா பணியாரக் குழி தோண்டுன மாதிரி தோண்டிரும், குழந்தைங்க சைக்கிள்ல கூட இதே ஆபத்து தான், கிரிப் முனை கிழிஞ்சு கம்பி வெளிய தெரிஞ்சா ஒடனே மாத்தணும். பிளக்கு விலை ஒன்னுமே இல்ல, ஆனா சேலத்துல ரெண்டு கடையில கேட்டு இல்லன்னுட்டாங்க, ஆன்லைன்ல போட்டு நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் சைக்கிள் சொவத்துல தான் சாஞ்சிருந்துச்சு.